ரிக்கெட்சியா என்ற பெயருக்கு உரியவர்: மருத்துவர் ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ்

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் ஐந்து நாள்களைக் கடந்தும் தணியவில்லை; மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள்; இது ரிக்கெட்சியா வகைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியது முதல் மாசி வரை, மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களிலும் நோயாளிகளும் உடனிருப்போரும் இச்சொல்லைக் கேட்க நேர்கிறது. இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல். அவர் இக்காய்ச்சல் இனத்தை ஆராய்ந்து, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு காய்ச்சலுக்கே 39-ஆம் வயதில் பலியானார். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே மருத்துவர் ஏன் மருந்தைத் தொடங்குகிறார் என்ற உங்கள் ஐயத்திற்கு அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு விளக்கம். நாய், ஆடு, மாடு ஆகியவற்றின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் உண்ணிகளால் பரவுவது புள்ளிக் காய்ச்சல். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவத்தால் பரவுவது ஸ்க்ரப் டைபஸ். அவ்விளம்பருவம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு நுண்ணியது. செய்தித்தாள்கள் இந்த இரண்டாவது நோயையே உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. தமிழகத்தில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. இரு நோய்களின் கிருமிகளும் நெருங்கிய உறவுடையவை. ஸ்க்ரப் டைபஸ் கிருமி 1995 வரை ரிக்கெட்சியா என்ற பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. பின்னரே ஓரியன்ஷியா என்ற தனிப்பெயர் பெற்றது. இரண்டும் உடலின் செல்களுக்குள் புகுந்து வாழ்பவை; இரண்டுக்கும் முதன்மை மருந்தும் ஒன்றே.

இளமையும் கல்வியும்

ரிக்கெட்ஸ் 1871 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஃபின்ட்லே என்னும் ஊரில் பிறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1894-இல் பட்டம் பெற்றார். 1893-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் செல்வத்தை இழந்தமையால், மருத்துவப் படிப்பின்போது தாமே வேலை செய்து பொருளீட்ட வேண்டியிருந்தது. 1897-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, சிகாகோவில் பயிற்சியை முடித்தார். தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை நோயை ஆராய்ந்தார். 1900-இல் மைரா டப்ஸ் என்பவரை மணந்தார். ஐரோப்பிய ஆய்வகங்களில் சிறிது காலம் பயின்று திரும்பியபின், 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் துறையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றி அறிஞர்களிடையே பெரும் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிருமியை வெல்வது உடலின் செல்களா, அல்லது இரத்த நீரில் கரைந்துள்ள பொருள்களா என்பதே அது. முதற் கட்சிக்கு மெச்னிக்கோவும் இரண்டாம் கட்சிக்கு எர்லிக்கும் தலைவர்களாக விளங்கினர். 1908-இல் நோபல் குழு இருவருக்கும் சேர்த்தே பரிசளித்தது. வழக்கு மட்டும் தீரவில்லை. இத்துறையின் அன்றைய அறிவைத் தொகுத்து, தொற்றும் எதிர்ப்பாற்றலும் சீர சிகிச்சையும் பற்றிய பாடநூல் ஒன்றை ரிக்கெட்ஸ் 1906-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், அந்நூலில் எழுதியவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்கும்படியான ஒரு நோய் அவர் முன் வந்து நின்றது.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் மேற்கில், மொன்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் ஆற்றுக்கு மேற்குக் கரையில் வாழ்ந்த குடியேறிகளையும் மரம் வெட்டுவோரையும் ஒவ்வோர் இளவேனிற் காலத்திலும் ஒரு காய்ச்சல் தாக்கியது. கடும் தலைவலியுடன் தொடங்கி, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் தோன்றி உடலெங்கும் பரவும். அப்பள்ளத்தாக்கில் நோய் கண்டவருள் நான்கில் மூவர் வரை இறந்தனர். மலையிலிருந்து உருகிவரும் பனிநீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று மக்கள் நம்பினர். அதை நாம் எள்ள இடமில்லை. மழையில் நனைந்ததாலும் பனிக்காற்று பட்டதாலும் காய்ச்சல் வந்தது என்று சொல்லி இரண்டு வாரம் கழித்து நோயாளியை அழைத்துவருவோரை நாங்கள் இன்றும் காண்கிறோம். 1902-இல் வில்சன், சவ்னிங் என்ற இரு மருத்துவர்கள் உண்ணியின் மீது ஐயம் தெரிவித்தனர். ஆயினும் கிருமியைப் பற்றிய அவர்களுடைய கருத்து பிழையாக இருந்ததால், உண்ணியைப் பற்றிக் கூறியதும் ஏற்கப்படவில்லை.

1906-ஆம் ஆண்டு இளவேனிலில் ரிக்கெட்ஸ் மிசூலா நகருக்கு வந்தார். மருத்துவமனை வளாகம் ஒன்றில் கூடாரம் அமைத்து அதையே ஆய்வகமாகக் கொண்டார். நோயாளியின் குருதியைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினார். அதற்கும் காய்ச்சல் வந்தது. ஆய்வகத்தில் நோயை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து கொண்டுசெல்ல முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று. அடுத்து, நோயுற்ற விலங்கின் மீது ஓர் உண்ணியை விட்டுக் குருதி உறிஞ்சச் செய்து, அதே உண்ணியை நலமாக இருந்த விலங்கின் மீது விட்டார். அவ்விலங்கு நோயுற்றது. ஐயமாக இருந்தது இப்போது ஆய்வு முடிவாயிற்று. அதே ஆண்டில் வால்டர் கிங் என்ற அரசு மருத்துவரும் தனியே இதே முடிவுக்கு வந்தார்.

பின்வந்த ஆண்டுகளில், நோய்க்கிருமியைச் சுமக்கும் தாய் உண்ணி அதனைத் தன் முட்டைகள் வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கிறது என்பதை ரிக்கெட்ஸ் காட்டினார். இந்த ஒரு செய்தி நம் ஊருக்கும் பொருந்துவது. ஸ்க்ரப் டைபஸ் பரப்பும் சிற்றுண்ணியும் கிருமியைத் தாயிடமிருந்தே பெறுகிறது. எனவே நோயாளி ஒருவரும் இல்லாத ஊரிலும், கண்மாய்க் கரையிலுள்ள ஒரு புதரில் கிருமி பல தலைமுறைகளாக நிலைத்திருக்க முடியும். 1909-இல் நோயாளியின் குருதியிலும் உண்ணியின் முட்டைகளிலும் மிக நுண்ணிய கிருமிகளைக் கண்டதாக அவர் அறிவித்தார். அதனைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க மட்டும் அவரால் இயலவில்லை. உயிருள்ள செல்லுக்கு வெளியே அது வளராது என்பது அன்று எவருக்கும் தெரியாது.

சீரம் ஏன் தோற்றது?

நோயிலிருந்து மீண்ட கினிப் பன்றிக்கு மீண்டும் கிருமியைச் செலுத்தியபோது, அதற்கு நோய் வரவில்லை. அப்படியானால் அதன் இரத்த நீரில் காக்கும் பொருள் இருக்க வேண்டும் என்று ரிக்கெட்ஸ் கருதினார். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் சீரம் உயிர்காக்கும் மருந்தாகப் பயன்பட்ட காலம் அது. மீண்ட விலங்கின் சீரத்தை, கிருமி நுழைவதற்கு முன்போ நுழைந்த உடனேயோ கொடுத்தபோது பாதுகாப்புக் கிடைத்தது. காய்ச்சல் தொடங்கிய பின்னர் கொடுத்தபோது பெரும்பாலும் பயனில்லை. குதிரையில் சீரம் தயாரிக்கவும் முயன்றார். அதுவும் நோயாளிகளைக் குணப்படுத்தும் மருந்தாக நிலைபெறவில்லை.

இந்தத் தோல்வியின் காரணம் விளங்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. நெஞ்செலும்பின் பின்புறம் உள்ள தைமஸ் சுரப்பி நோய் எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாதது என்பதை ஜாக் மில்லர் 1961-இல் காட்டினார். அங்கே முதிர்ச்சி பெறும் வெள்ளணுக்களே டி செல்கள். தைமஸ் என்ற பெயரின் முதலெழுத்தே அவற்றுக்குப் பெயராயிற்று.

ரிக்கெட்சியாக் கிருமி இரத்தத்தில் நெடுநேரம் தனித்துத் திரிவதில்லை. சிறு இரத்த நாளங்களின் உட்சுவரில் தளம் பாவியதுபோல் அமைந்துள்ள செல்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகுகிறது. வீட்டுக்குள் நுழைந்து உட்புறம் தாழிட்டுக்கொண்ட திருடனைப் போன்றது அதன் நிலை. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் தெருவில் சுற்றிவரும் காவலர்கள். திருடன் தெருவில் இருக்கும்வரை பிடிப்பார்கள், தாழிட்ட கதவைத் திறக்க அவர்களால் முடியாது. ரிக்கெட்ஸ் செலுத்திய சீரத்தில் இருந்தவை இவையே. முன்கூட்டிக் கொடுத்தபோது பயன்பட்டதும் காலம் கடந்து கொடுத்தபோது பயன்படாததும் இதனால்தான்.

டி செல்கள் வேறு வகையில் இயங்குகின்றன. கிருமி புகுந்த செல், அக்கிருமியின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் வெளிக்காட்டுகிறது. சிடி8 என்ற பிரிவைச் சேர்ந்த டி செல்கள் அந்த அடையாளத்தைக் கண்டு, அச்செல்லின் சவ்வில் துளையிடும் புரதத்தைச் சுரந்து, கிருமியோடு சேர்த்து அதனை அழிக்கின்றன. சிடி4 என்ற பிரிவினவோ இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியை வெளியிடுகின்றன. அச்செய்தியைப் பெற்ற நாளச் செல், நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களை உண்டாக்கித் தன்னுள் இருக்கும் கிருமியைத் தானே கொல்லத் தொடங்குகிறது. சிடி8 செல்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளால் இக்கிருமியை உடலிலிருந்து அகற்ற இயலவில்லை என்பதும், துளையிடும் புரதம் இல்லாத சுண்டெலிகள் மற்றவை தாங்கக்கூடிய சிறு அளவுக் கிருமிக்கே இறந்தன என்பதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன. மெச்னிக்கோ கட்சிக்கும் எர்லிக் கட்சிக்கும் இடையிலான வழக்கில், இந்த நோயைப் பொறுத்தவரை தீர்ப்பு பெரும்பாலும் செல்களின் பக்கமே.

ஆனால் டி செல்களுக்குக் காலம் தேவை. கடித்த இடத்திற்கு அருகிலுள்ள நிணநீர்க் கணுவில்தான் அவை கிருமியை அறிந்து பெருகுகின்றன. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறிகட்டியிருக்கிறது என்று நீங்கள் சொல்வது இதனைத்தான். போதுமான படை திரள ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் கிருமி நாளங்களின் உட்சுவரைப் பழுதாக்கிவிடும். பழுதான நாளங்களிலிருந்து நீர் கசிகிறது. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல், மூளையைப் பாதித்தால் குழப்பமும் வலிப்பும், இரத்த அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகப் பாதிப்பு என நோய் முற்றுகிறது. முதியோருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்நிலை ஏற்படும் வாய்ப்பு கூடுதல்.

பரிசோதனை முடிவும் மருத்துவரின் முடிவும்

உங்களுக்குச் செய்யப்படும் வீல்-ஃபெலிக்ஸ் பரிசோதனையும் ஐஜிஎம் எலைசா பரிசோதனையும் கிருமியைத் தேடுபவை அல்ல. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களைத் தேடுபவை. அவை அளவிடத்தக்க நிலையை அடைவது பெரும்பாலும் காய்ச்சலின் முதல் வாரம் முடியும் தறுவாயில். மூன்றாம் நாளில் எடுத்த குருதியில் நோய் இல்லை என்று முடிவு வந்தால், எதிர்ப்பொருள் இன்னும் உருவாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கக்கூடும். வீல்-ஃபெலிக்ஸ் முறை 1916-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எளியது, செலவு குறைந்தது, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடக்கூடியது. மரபுப்பொருளைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை முதல் வாரத்திலேயே உதவும்; எனினும் எல்லா மருத்துவமனைகளிலும் அது கிடைப்பதில்லை.

சோதனைச் சீட்டில் இல்லை என்று வந்த பிறகும் மாத்திரை கொடுக்கிறார்களே என்று உடனிருப்போர் சினந்து கேட்பதுண்டு. கேட்பது நியாயமே. அறிகுறிகள் பொருந்தும்போது முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே இந்நோய்க்கான வழிகாட்டு நெறி. நாளங்கள் பழுதான பின் தொடங்கும் மருந்தின் பயன் குறைவு.

மெக்சிகோவில் முடிந்த வாழ்க்கை

புள்ளிக் காய்ச்சல் ஆய்வைத் தொடர்வதற்கான பணம் மொன்டானா அரசிடமிருந்து வருவது தாமதப்பட்டது. ஆய்வாளர்களுக்கு இது புதிதன்று. காத்திருக்க விரும்பாத ரிக்கெட்ஸ், 1909 டிசம்பரில் தம் உதவியாளர் ரஸ்ஸல் வைல்டருடன் மெக்சிகோ நகருக்குச் சென்றார். அங்கே தபர்தியோ என்று மக்கள் அழைத்த டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. புள்ளிக் காய்ச்சலும் இதுவும் ஒன்றுபோல் தோன்றியதால், இரண்டும் ஒன்றா வேறா என்று அறிய விழைந்தார்.

அதற்கு அவர் கையாண்ட கருவி எதிர்ப்பாற்றலே. ஒரு நோயிலிருந்து மீண்ட விலங்கு மற்ற நோயை எதிர்த்து நிற்கிறதா என்று பார்த்தார். நிற்கவில்லை; ஆகவே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று முடிவு செய்தார். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடைகளில் வாழும் பேன் என்பதை டூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் 1909-இல் காட்டியிருந்தார். ரிக்கெட்சும் வைல்டரும் மெக்சிகோவில் அதனை உறுதிப்படுத்தினர். நோயாளியின் குருதியிலும் பேனின் உடலிலும் நுண்கிருமிகளைக் கண்டனர்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் பதவிக்கு அழைத்திருந்தது, அவரும் இசைந்திருந்தார். மெக்சிகோ ஆய்வு முடியும் நேரத்தில், ஏப்ரல் மாதம், அவருக்கே டைபஸ் கண்டது. கொடுப்பதற்கு அன்று உலகில் எங்கும் மருந்து இல்லை. 1910 மே 3 அன்று இறந்தார். மெக்சிகோ அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. மனைவியும் இரு குழந்தைகளும் எஞ்சினர். மகன் ஹென்றி பின்னாளில் மருத்துவரானார்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1915-இல், அதே டைபஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் புரோவாசெக்கும் அந்நோயாலேயே இறந்தார். அவருடன் பணியாற்றிய பிரேசில் நாட்டு அறிஞர் என்ரிக் ட ரோச்சா லிமா, 1916-இல் கிருமியை விவரித்தபோது, இறந்த இருவரின் பெயர்களையும் இணைத்து ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று பெயரிட்டார். மருத்துவமனைச் சீட்டில் நீங்கள் காணும் சொல் அதிலிருந்து வந்தது.

மருந்து வந்தது 1940-களின் இறுதியில். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பலர் உழைத்த மலாயாவின் தோட்டப் பகுதிகளில் ஸ்க்ரப் டைபஸ் நெடுங்காலம் பலரை வீழ்த்திவந்தது. 1948-இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்ஃபெனிக்கால் மருந்து அந்நோயை விரைவில் தணிப்பதைக் கண்டனர். டெட்ராசைக்ளின் இன மருந்துகள் பின்தொடர்ந்தன; இன்று நாம் கொடுக்கும் டாக்சிசைக்ளின் அவற்றுள் ஒன்று. செல்லுக்குள் நுழைந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுத்து, டி செல்கள் திரளும்வரை உடலுக்கு அவகாசம் பெற்றுத் தருவது இதன் வேலை. பென்சிலின் வகையும், மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் இக்கிருமிகளிடம் பலிப்பதில்லை. கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் நாளம் வழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்த பலன் தருகிறது என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

நீங்கள் செய்யக்கூடியவை

நோயாளியின் உடலை ஒருமுறை நன்கு பாருங்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட் நெருப்புப் பட்டதைப் போன்ற கரும்பொருக்கு ஒன்று இருக்கலாம். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்புறம், தொப்புள், பாவாடை நாடாவோ அரைஞாணோ இறுக்கும் இடுப்பு, காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமயிரின் உட்புறம் ஆகிய இடங்களில் தேடுங்கள். மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். கூச்சத்தை விட்டுச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொருக்கு இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் இருந்தால் அது உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சலைக் குறிக்கலாம்.

கடந்த மூன்று வாரங்களில் நோயாளி எங்கெல்லாம் சென்றார் என்பதைக் கூறுங்கள். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல் வெட்டியது, நூறு நாள் வேலைக்குப் புதர் அகற்றச் சென்றது, வயலில் ஆட்டுக்கிடை காத்துத் தரையில் படுத்தது, விறகு பொறுக்கியது, வெட்டவெளிக்கு ஒதுங்கியது, வீட்டை அடுத்த காலிமனையில் குழந்தை விளையாடியது ஆகிய எதுவும் பயனுள்ள செய்தியே. எலியும் மூஞ்சூறும் நடமாடும் புதர் இருந்தால் போதும். நகரத்தின் நடுவிலும் இச்சிற்றுண்ணி வாழும்.

மருத்துவர் எழுதிய மருந்தை, காய்ச்சல் விட்ட பிறகும் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். பொதுவாக இரண்டு நாள்களுக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும். மூன்று நாளாகியும் தணியாவிடில் மீண்டும் காட்டுங்கள். மூச்சு வாங்குதல், பிதற்றல், வலிப்பு, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம். டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா ஆகியவையும் இதே பருவத்தில் வருபவை.

உடலில் உண்ணி ஒட்டியிருப்பதைக் கண்டால், தீக்குச்சியால் சுடவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். புதர்வேலை முடிந்து திரும்பியவர் உடனே குளித்து உடை மாற்றுவது நல்லது.

ஒருமுறை வந்த நோய் மறுமுறை வராதா என்றும் கேட்கிறீர்கள். ரிக்கெட்ஸ் ஆராய்ந்த புள்ளிக் காய்ச்சலில் மீண்டவர்களுக்கு எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிலைக்கிறது. ஸ்க்ரப் டைபசில் அப்படியில்லை. அதன் கிருமியில் பல வகைகள் உண்டு. ஒரு வகையை நினைவில் வைத்த டி செல்கள் மற்றொரு வகையிடம் சில மாதங்களே பாதுகாப்பளிக்கின்றன. இந்நோய்க்குத் தடுப்பூசியும் இதுவரை இல்லை. ஆகவே சென்ற ஆண்டு இக்காய்ச்சல் கண்டவருக்கு இவ்வாண்டு மழைக்குப்பின் மீண்டும் காய்ச்சல் வந்தால், பழைய மருத்துவச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் நாளுக்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள்.